இழந்த ஊதியமும் மீட்ட வழியும்

ஊதியம் ஒரே நாளில் குறைந்துவிடலாம். குறைந்தது திரும்பி வருவதற்கோ ஆண்டுகள் பல ஆகும். அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனத்து விமானிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

2001ஆம் ஆண்டில் அவர்கள் தம் நாட்டு விமானிகளுள் முன்வரிசை ஊதியம் பெற்றனர். அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் பயணிகள் குறைந்தனர். பின்னர் எரிபொருள் விலையும் ஏறியது. நிறுவனத்தைக் காக்க வேண்டி, 2004இல் விமானிகள் 32.5 விழுக்காட்டு ஊதியக் குறைப்பை ஏற்றனர். ஆயினும் 2005இல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. 2006இல் மேலும் 14 விழுக்காடு குறைக்கப்பட்டது. முன்னர் நூறு டாலர் பெற்ற இடத்தில் எஞ்சியது ஐம்பத்தெட்டு டாலரே. பழைய ஓய்வூதியத் திட்டமும் அவ்வாண்டே முடிவுற்றது.

நிறுவனம் மீண்டும் தலைநிமிர்ந்தபோது, இழந்ததை மீட்பது எவ்வாறு என்னும் வினா சங்கத்தில் எழுந்தது. விலைவாசி உயர்வையும் கணக்கிட்டு அனைத்தையும் ஒருசேரப் பெற வேண்டும் என்றனர் ஒரு சாரார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். கிடைப்பதைப் பெற்று மேற்செல்வோம் என்றனர் மற்றொரு சாரார். உடனே வேலைநிறுத்தம் செய்யவும் இயலாது. 1926இல் இயற்றப்பட்டு, 1936இல் விமானத் துறைக்கும் விரிவாக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டத்தின்படி, நடுவர் வாரியம் விடுவித்த பின்னரும் முப்பது நாள் பொறுத்திருத்தல் வேண்டும்.

2012இல் படிப்படியான வழி வென்றது. ஏறத்தாழ 20 விழுக்காட்டு உயர்வு தந்த ஒப்பந்தத்தை, உரிய காலத்திற்கு முன்னரே பெரும்பான்மையோர் ஏற்றனர். 2015இல் நிலைமை மாறியது. ஊதியம் உயர்ந்தாலும் இலாபப் பங்கு குறையும் என்றிருந்த உடன்பாட்டை, வாக்களித்தோரில் 65 விழுக்காட்டினர் நிராகரித்தனர். மீண்டும் பேச்சுவார்த்தை நடந்தது. 2016 டிசம்பரில், 2019ஆம் ஆண்டுக்குள் சுமார் 30 விழுக்காடு உயர்த்தும் ஒப்பந்தம் 82 விழுக்காட்டு ஆதரவுடன் நிறைவேறியது. 2023இல் நான்காண்டுகளில் 34 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தும் ஒப்பந்தமும் கிட்டியது.

இவ்விரு சாராருள் எவர் வென்றார்? 2012இல் 'ஆம்' என்றதும் 2015இல் 'இல்லை' என்றதும் அதே சங்கமே. காலமறிந்து ஏற்கவும் காலமறிந்து மறுக்கவும் உறுப்பினர்க்கு வாக்குரிமை இருந்தமையே அச்சங்கத்தின் வலிமை. எனினும், பொறுமைக்கும் விலை உண்டு என்பதை மறத்தல் ஆகாது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓய்வு பெற்றுச் சென்றோர் குறைந்த ஊதியத்துடனேயே விடைபெற்றனர். பின்னர் வந்த உயர்வு அவர்களைச் சென்றடையவில்லை.