வேர் தந்த மருந்தும் ஹகீம் அஜ்மல் கானும்

புதுப்பட்டினத்து மருந்துக்கடைகளில் இரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கிச் செல்லும் நம் பெரியவர்களுள், அந்நோய் மருத்துவத்தின் வரலாற்றோடு ஒரு முஸ்லிம் ஹகீமின் பெயர் பிணைந்திருப்பதை அறிந்தோர் எத்தனை பேர்?

சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பாம்புக்கடிக்கும் சித்தப்பிரமைக்கும் வழங்கி வந்தனர். யூனானியில் அதனை அஸ்ரோல் என்பர். தில்லியில் 1921இல் காந்தியடிகள் திறந்துவைத்த திப்பிய்யாக் கல்லூரியை நிறுவியவர் ஹகீம் அஜ்மல் கான். பரம்பரை ஹகீம்களின் குடும்பத்தில் தோன்றியவராயினும், பழைய மருந்துகள் புதிய இரசாயன முறையில் சோதிக்கப்பட வேண்டுமென அன்னார் விரும்பினார்கள். ஜெர்மனியில் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்தீக்கி அப்பணியை மேற்கொண்டார். 1927இல் ஹகீம் அவர்கள் மறைந்தார்கள். 1931இல் அவ்வேரிலிருந்து தாம் பிரித்தெடுத்த சத்துகளுள் ஒன்றுக்குச் சித்தீக்கி தம் பெயரைச் சூட்டவில்லை. ‘அஜ்மலின்’ என்றே பெயரிட்டார். தம்மை ஆதரித்தவருக்கு அவர் செலுத்திய நன்றி அது.

அஜ்மலின் இதயத் துடிப்பை நெறிப்படுத்தும் மருந்தாயிற்று. அதே வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ இதழில் எழுதி உலகறியச் செய்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ‘ரெசர்பின்’ என்னும் சத்தைப் பிரித்தனர். மனச்சோர்வு முதலிய பக்கவிளைவுகள் கருதி, இன்று மருத்துவர்கள் அதனை முதல் மருந்தாகத் தருவது அரிது.

ஆதலின், முன்னோர் வைத்தியமென்று வேரைத் தாமே அரைத்துக் குடிப்பதும், மருத்துவரைக் கேளாது மாத்திரையை நிறுத்துவதும், உடல் என்னும் அமானிதத்திற்கு நாம் இழைக்கும் கேடாகும். பழைமையைப் போற்றியவர்தாம் அதனைச் சோதிக்கவும் சொன்னார் என்பதை நாம் மறத்தலாகாது.