ஜாலியன்வாலா பாக் நினைவிடம்: காண வேண்டியவை, அறிய வேண்டியவை

பஞ்சாப் மாநிலம் அமிர்தசரஸில், பொற்கோயிலில் இருந்து நடந்தே சென்றடையும் தொலைவில் ஜாலியன்வாலா பாக் தேசிய நினைவிடம் அமைந்துள்ளது. 1919 ஏப்ரல் 13 அன்று ஆங்கிலேயப் படை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களின் நினைவாக இது பராமரிக்கப்படுகிறது.

பின்னணி

ரௌலட் சட்டத்தை எதிர்த்த தலைவர்களான டாக்டர் சத்யபால், டாக்டர் சைஃபுதீன் கிச்லு ஆகியோர் ஏப்ரல் 10 அன்று கைது செய்யப்பட்டனர். இதைக் கண்டிக்கும் கூட்டம் பைசாகி திருநாளன்று இத்திடலில் நடைபெற்றது. திருவிழாவுக்கு வந்த வெளியூர் மக்களும் அங்கு திரண்டிருந்தனர். ஜெனரல் டயரின் உத்தரவுப்படி, எச்சரிக்கை ஏதுமின்றி சுமார் 10 நிமிடங்கள் 1,650 தோட்டாக்கள் சுடப்பட்டன.

நுழைவு வழி

குறுகலான பாதை வழியாகவே பார்வையாளர்கள் உள்ளே செல்கின்றனர். இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்திய இரண்டு கவச வாகனங்கள் இவ்வழியே நுழைய முடியாததால் வெளியே நிறுத்தப்பட்டன. நுழைய முடிந்திருந்தால் அவற்றையும் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்று ஹண்டர் குழு விசாரணையில் டயர் ஒப்புக்கொண்டார்.

சுவரும் கிணறும்

குண்டு துளைத்த சுவர்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. தப்பிக்க வழியின்றிப் பலர் குதித்த கிணற்றில் இருந்து 120 உடல்கள் மீட்கப்பட்டதாக அங்குள்ள பலகை தெரிவிக்கிறது.

நினைவுத் தூணும் அருங்காட்சியகமும்

திடலில் எழுப்பப்பட்ட நினைவுத் தூணை 1961-ஆம் ஆண்டு அன்றைய குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார். புதுப்பிக்கப்பட்ட வளாகத்தையும் அருங்காட்சியகக் கூடங்களையும் பிரதமர் நரேந்திர மோடி 2021 ஆகஸ்ட் 28 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். நுழைவுப் பாதையில் சிற்பங்கள் அமைக்கப்பட்டதும் கிணறு கண்ணாடியால் சூழப்பட்டதும் இடத்தின் பழைய தோற்றத்தை மாற்றிவிட்டதாக வரலாற்றாய்வாளர்கள் சிலர் விமர்சித்தனர்.

இறந்தவர்கள் எத்தனை பேர்?

அரசுக் கணக்கு 379 என்கிறது. காங்கிரஸ் விசாரணைக் குழுவோ சுமார் 1,000 பேர் உயிரிழந்ததாக மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம், பல மாதங்கள் கழித்தே அதிகாரிகள் விவரம் சேகரிக்கத் தொடங்கியதாகும். கூட்டத்தில் இருந்ததாகத் தெரிந்தால் நடவடிக்கை பாயும் என அஞ்சிப் பல குடும்பங்கள் முன்வரவில்லை.

பிரிட்டன் பிரதமர் தெரசா மே 2019 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். ஆனால், மன்னிப்புக் கோரவில்லை. இறந்தவர்களின் முழுமையான எண்ணிக்கை நூறாண்டுகள் கடந்தும் உறுதி செய்யப்படவில்லை.