அந்நியர் வினாவும் யாழ்ப்பாணத்தார் விடையும்

ஒரு நாட்டின் வரலாறு அந்நாட்டாரின் ஏடுகளில் மாத்திரம் அடங்குவதன்று. அந்நாட்டை நாடி வந்த அந்நியர் யாது வினவினர், அவர்க்கு நாட்டார் யாது விடை பகர்ந்தனர் என்பதிலும் அதன் ஒரு கூறு பொதிந்துள்ளது. கடல்வழியில் அமைந்த யாழ்ப்பாணத்துக்கு அராபியர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் எனப் பலரும் வந்தனர். வந்தோர்க்கு யாழ்ப்பாணத்தார் தம் நாட்டை அறிமுகஞ் செய்த வரலாற்றில் மூன்று நிகழ்ச்சிகள் சிறப்பாக ஆராயத்தக்கன.

முதலாவது, அரசன் யாத்திரிகனுக்குக் கூறிய விடை. கி. பி. 1344 இல் மாலைதீவினின்றும் மாபர் நோக்கிப் புறப்பட்ட இபன் பதூதாவின் மரக்கலம் காற்றினால் திசைமாறி இலங்கைக் கரையை அடைந்தது. அக்காலத்தில் புத்தளம் வரையும் ஆணை செலுத்திய ஆரியச் சக்கரவர்த்தி அவனை அங்கு வரவேற்றான். மன்னன் பாரசீக மொழி அறிந்தவன் என்று இபன் பதூதா எழுதியுள்ளான். தன் நாட்டுச் சலாபத்தில் எடுத்த முத்துக்களைக் காட்டி, இவற்றுக்கு நிகரானவற்றை வேறெங்கேனுங் கண்டதுண்டோ என்று மன்னன் வினவினான். யாத்திரிகன் பாவாதமலையைத் தரிசிக்க விரும்பியபோது பல்லக்கும், வழியறிந்த யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், பரிவாரத்தார் பதின்மரும், உணவு சுமப்போர் பதினைவரும் அளித்து அனுப்பினான். வந்தவனுடைய வழிபாடு வேறாயிருப்பவும் அவன் விருப்பத்துக்கு வழியமைத்த பெருந்தன்மை போற்றத்தக்கது. ஆயினும் அவன் கண்டது முத்தும் முடியுமே. முத்துக் குளித்தவர் வாழ்வு அங்கு பேசப்படவில்லை.

இரண்டாவது, ஆளப்படுவோர் ஆள்வோர்க்குக் கூறிய விடை. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர்க்கு வழக்குத் தீர்ப்பதற்கு நாட்டு வழமைகளை அறிதல் வேண்டியதாயிற்று. தேசாதிபதி சைமன்ஸ் என்பாரின் கட்டளைப்படி, முப்பத்தேழு ஆண்டுகள் இங்கு வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் அவ்வழமைகளைத் திரட்டி 1707 இல் சமர்ப்பித்தார். அதனை ஜான் பைரஸ் என்பார் தமிழிற் பெயர்க்க, பன்னிரு முதலியார்கள் பரிசீலித்து உடன்பட்டனர். இதுவே தேசவழமை. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூவகை ஆதனங்களும், ஒற்றியும், பிறவும் இதில் எழுத்துருப் பெற்றன. 1806 இல் ஆங்கிலேயர் இதற்குச் சட்டவலு அளித்தனர். ஆதன உரிமையில் இன்றும் இதன் ஆட்சி உண்டு.

ஆயினும் இவ்விடையிற் பெருங்குறை ஒன்றுளது. அடிமைகளைப் பற்றியும் தேசவழமை விரிவாகக் கூறுகின்றது. யார் அடிமை, அவர் யாருடைய உடைமை, அவர் தேடிய பொருள் யாரைச் சாரும் என்பன அங்கு விதிக்கப்பட்டன. விடை கூறியோர் முதலியார்கள். அடிமையென எழுதப்பட்டவர் வாய்மொழியாக அங்கு ஒரு சொல்லும் இல்லை. ஆண்டாண்டு தோறும் மாறத்தக்க வழக்கம், மேலோர் கூறியவாறே எழுதப்பட்டு, மாறாத விதியாக உறைந்தது. 1844 இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தபின்னும் அதன் தழும்பு கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் நெடுங்காலம் மறையவில்லை. ஒரு நாட்டை அறிமுகஞ் செய்வோர் யார் என்பது, அறிமுகஞ் செய்யப்படும் பொருளைப் போலவே முக்கியமானதென்பதற்கு இது சான்றாகும்.

மூன்றாவது, புலவர் அளித்த விடை. மாதகல் மயில்வாகனப் புலவர், ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். சிறப்புப்பாயிரம் கூறும் மேக்கறூன் என்பவர் 1736 இல் அதிகாரம் வகித்த மக்காறா என்பவரே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. கைலாயமாலை, வையாபாடல், இராசமுறை முதலிய நூல்களைத் துணைக்கொண்ட புலவர், யாழ்ப்பாடி பரிசு பெற்ற கதையையும் உள்ளடக்கி ஒல்லாந்தர் ஆட்சி வரையும் உரைநடையில் எழுதினார்.

இந்நூல் குற்றமற்றதன்று. ஐதிகமும் வரலாறும் இதில் விரவியுள்ளன. 1544 இல் மன்னாரிற் கத்தோலிக்கரைக் கொல்வித்த சங்கிலியும், 1619 இல் போர்த்துக்கேயராற் சிறைப்பட்ட சங்கிலியும் ஒருவராகவே மயங்கியுள்ளனர். இராசநாயக முதலியாரும் சுவாமி ஞானப்பிரகாசரும் இத்தகைய வழுக்களை ஆராய்ந்து தெளிவுபடுத்த முயன்றனர். எனினும் புலவர் செய்த நன்மை பெரிது. கேட்டவர் அந்நியர், பயன் பெற்றவரோ இந்நாட்டார். பிறர்க்கு உரைக்கப் புகுந்தமையாலேயே சிதறிக் கிடந்த மரபுகள் ஒரு கோவையாயின. 1879 இல் பிறிற்றோ என்பார் இதனை ஆங்கிலத்திற் பெயர்த்தார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்த போதும், முன்னரே அச்சேறிப் பரவியிருந்தமையால் இந்நூல் அழியாது நின்றது.

போர் 2009 இல் முடிவுற்றது. 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தடைந்தது. 2019 இல் பலாலி விமான நிலையம் சர்வதேசப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. கோட்டையையும் நல்லூரையும் நூலகத்தையும் காணப் பிறநாட்டார் மீண்டும் வருகின்றனர். இன்று அவர்க்கு விடை கூறுவோன் அரசனல்லன், முதலியுமல்லன். பேருந்தில் அருகிருக்கும் மாணவனே. நல்லூர்ப் பழைய கோயிலை 1621 இல் ஒலிவேறா இடிப்பித்தான் என்பதையும், இன்றைய கோயில் ஒல்லாந்தர் காலத்தில் வேறோரிடத்தில் எழுந்ததென்பதையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். நூலகத்தின் வெண்சுவரைக் காட்டுவோன் அது எரிந்த கதையையும் கூறல் வேண்டும். கோபுரத்தின் உயரத்தைக் கூறுவோன், அதன் வாயிலில் ஒருகாலத்துத் தடுக்கப்பட்டோரையும் மறைத்தலாகாது.

அரசனிடத்து விருந்தோம்பலையும், புலவரிடத்து வரலாற்றுப் பற்றையும் கற்றல் வேண்டும். முதலியார்கள் விட்ட குறையை நிரப்புதலும் வேண்டும். தன் நாட்டை முழுமையாக அறிந்தவனே அதனைப் பிறர்க்கு அறிமுகஞ் செய்யும் தகுதி உடையவன்.