அறபுத் தமிழும் அச்சு இயந்திரமும்

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்திருக்கிறது வத்தேகம. சிங்களமும் தமிழும் பேசும் மக்கள் அயலவராய் வாழும் இவ்வட்டாரத்திலே அறபு எழுத்தும் அந்நியமானதன்று. இத்தகைய ஊரில் ஒரு கணினியை அறபு எழுத்துக்கு ஆயத்தப்படுத்துவதை வெறும் இயந்திர வேலை என்று கருதிவிடலாமா? அதன் பின்னே நீண்டதொரு வரலாறு நிற்பதை நாம் மறத்தலாகாது.

அறபு எழுத்தால் எழுதப்பட்டவை யாவும் அறபு மொழியல்ல. தமிழகத்துக் கரையோரத்திலும் இலங்கையிலும் வாழ்ந்த முஸ்லிம் மக்கள் தம் தாய்மொழியாம் தமிழையும் அவ்வெழுத்தால் எழுதினர். அறபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென, இருந்த எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டிப் புதியவற்றை ஆக்கிக்கொண்டனர். அதுவே அறபுத் தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அதில் நூல்கள் இயற்றினர். வீட்டுக்குள்ளே ஓதக் கற்ற பெண்கள், தமிழ் நெடுங்கணக்கை அறியாதபோதும், இவ்வெழுத்தின் வழியே தமிழைப் படித்தனர். அவர்களை எழுத்தறிவற்றோர் என்று தள்ளிவிடுவது எத்துணைப் பெரிய அநீதி!

அச்சு இயந்திரமோ இவ்வெழுத்துக்கு எளிதில் இடங்கொடுக்கவில்லை. அறபு எழுத்து தனியே நிற்கையில் ஓர் உருவும், சொல்லின் முதல், இடை, கடைகளில் வேறு உருவும் கொள்வது. ஒவ்வோர் உருவுக்கும் தனித்தனி ஈய எழுத்து வேண்டும். உயிர்க் குறிகளை மேலும் கீழும் பொருத்தவும் வேண்டும். ஆகவே, கையெழுத்தை அவ்வாறே பதித்துத் தரும் கல்லச்சே அறபுத் தமிழுக்குத் துணையாயிற்று.

கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898), 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அஸன்பே சரித்திரம்’ என்னும் நாவலை வெளியிட்டார். முஸ்லிம் மக்களிடையே பத்திரிகையும் பாடசாலையும் வளர்ந்த காலம் அது. தமிழெழுத்துக் கல்வி பரவப் பரவ, அறபுத் தமிழின் வழக்கு சுருங்கிற்று. பொதுக் கல்வியில் மக்கள் இணைந்தது நன்மையே. ஆயின் பழைய ஏடுகளை வாசிக்கவல்லோர் அருகிப்போனது இழப்பேயன்றோ?

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 1991இல் வெளிவந்த யூனிகோட் முதற் பதிப்பிலேயே தமிழும் அறபும் இடம்பெற்றன. 2015இல் வந்த எட்டாம் பதிப்பிலே, அறபுத் தமிழுக்கு வேண்டிய எழுத்துகளும் சேர்க்கப்பட்டன. ஈயத்தால் இயலாததைக் கணினி இயற்றுகிறது: நிற்குமிடமறிந்து எழுத்தின் உருவைத் தானே மாற்றுகிறது, வலமிருந்து இடமாக வரியை ஓட்டி, இடையே வரும் எண்களை மட்டும் இடமிருந்து வலமாக வைக்கிறது.

ஆயினும் வழக்கமான அறபு விசைப்பலகையிலே அறபுத் தமிழின் சிறப்பெழுத்துகள் இல்லை. அவற்றுக்கெனத் தனி விசையமைப்பு வேண்டும். எழுத்துரு அவற்றை அறியாவிடின் திரையில் வெறுங்கட்டமே தோன்றும். ஒப்புநோக்கும் வேலையோ இன்னும் கடினமானது. அறபுச் சொற்களை மட்டுமே கற்ற பிழைதிருத்தி, அறபுத் தமிழில் சரியாக எழுதிய சொல்லின் கீழும் சிவப்புக் கோடிடும். டகரத்துக்குரிய எழுத்தின் கீழ்ப் புள்ளி விடுபட்டாற் ‘படம்’ ‘பதம்’ ஆகிவிடும். அதையோ இயந்திரம் அறியாது. தமிழும் அறிந்து, அவ்வெழுத்தும் அறிந்த மனிதக் கண் ஒன்றே அதனைக் காணும்.

அந்தக் கண்கள் முதியோரிடம் எஞ்சியிருக்கின்றன. விசைப்பலகையில் விரல் பழகியோர் இளைஞர். பாட்டி வாசிக்கப் பேத்தி தட்டச்சிட, இருவரும் சேர்ந்து ஒப்புநோக்கும் வேலையைப் பாடசாலைகளும் நூலகங்களும் ஏற்று நடத்தினாலென்ன? பெட்டிகளிற் கிடக்கும் ஏடுகளைச் செல்லரிக்குமுன் இப்பணி தொடங்கவேண்டும். அவை ஒரு சமூகத்தின் தனிச் சொத்தல்ல. தமிழ் பேசும் மக்கள் அனைவரின் செல்வமென்பதை நாம் உணர்வோமாக.