தண்டிக்கு அடியில் எழுதிய பெயர்

நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் பழந்தமிழர் இசைக்கருவிகள் குறித்து நான் உரையாற்றி முடித்ததும், கவிஞர் ஒருவர் எழுந்து வினாவொன்றைத் தொடுத்தார்: "யாழில் பத்தர் ஒலிக்கிறது, வீணையில் குடம் ஒலிக்கிறது. என் மகன் வாசிக்கும் மின்கிதாரோ கெட்டிப் பலகை. உள்ளே கூடே இல்லை. அதில் பாடுவது மரமா, மின்சாரமா?" அவையினர் நகைத்தனர்; நானும் நகைத்துத் தப்பித்துக்கொண்டேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டகலவில்லை. விடை தேடிப் புகுந்தபோது அதனினும் பெரியதொரு வினா எதிர்ப்பட்டது. ஒரு கருவியை எவருடைய பெயரால் நினைவில் கொள்கிறோம்? எவருடைய பெயரை மறந்துவிடுகிறோம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். கிதாரின் உறுப்புகளைச் சுட்ட, வீணைக்கு நம்மிடையே வழங்கும் தண்டி, மெட்டு, குதிரை, பிரடை என்னும் சொற்களையே ஈண்டு எடுத்தாள்கிறேன்.

குடம் நீங்கிய கதை

அமெரிக்க நடன இசைக்குழுக்களில் ஊதுகருவிகளுக்கும் முழவுகளுக்கும் இடையே கிதாரின் மெல்லொலி மூழ்கிப்போயிற்று. அதற்கு வழி தேடியவர்களுள் ஜார்ஜ் பீச்சம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகிய இருவரும் முதன்மையானவர்கள். 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்கிதார் அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. மடிமீது கிடத்தி வாசிக்கும் அக்கருவியின் உருவம் கண்டு மக்கள் அதற்கு 'வாணலி' என்று பெயரிட்டனர். அதன் தத்துவம் எளிது. காந்தத்தின்மீது மெல்லிய செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது. செப்புக் கம்பியில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதனைப் பெரிதாக்குகிறது. 'பிக்கப்' என வழங்கும் உறுப்பு இதுவே.

கிப்சன் நிறுவனம் 1936-இல் இவ்வுறுப்பைக் குடமுள்ள கிதாரில் பொருத்தியது. சார்லி கிறிஸ்டியன் என்னும் கறுப்பினக் கலைஞர் 1939 முதல் பென்னி குட்மன் குழுவில் அதனை வாசித்து, ஊதுகருவிகளுக்கு நிகராகத் தனித்து நிற்கச் செய்தார். 1942-இல், தம் 25ஆம் வயதில், காசநோய் அவரைக் கொண்டுசென்றது.

குடமுள்ள மின்கிதாரில் ஒரு குறை இருந்தது. ஒலியைக் கூட்டக் கூட்ட, பெருக்கியிலிருந்து வரும் ஒலியே குடத்தை அதிரச் செய்யும். அவ்வதிர்வு தந்தியை அடையும். தந்தி மீண்டும் பெருக்கியை அடையும். முடிவில் எஞ்சுவது ஊளை. கிதாரின் பெருமையாக இருந்த குடமே அதற்குப் பகையாயிற்று.

குடத்தை நீக்கிப் பார்த்தவர்களுள் ஒருவர் லெஸ் பால். 1941-ஐ ஒட்டி, நியூயார்க் நகர எபிஃபோன் தொழிற்கூடத்தில், விடுமுறை நாள்களில் அமர்ந்து, நான்கு அங்குலத் தடிமனுள்ள பைன் மரக்கட்டையில் தந்தியும் பிக்கப்பும் பூட்டினார். வெறுங்கட்டையாக வாசித்தபோது அவையோர் பொருட்படுத்தவில்லை என்றும், பழைய கிதார் ஒன்றின் குடத்தை இரண்டாக அறுத்து இருபுறமும் ஒட்டியதும் கைதட்டினர் என்றும் அவரே பிற்காலத்தில் சொல்லி மகிழ்ந்தார். காதுக்குத் தேவைப்படாத குடம் கண்ணுக்குத் தேவைப்பட்டிருக்கிறது!

கவிஞரின் வினாவுக்கு விடையும் இங்கேயே கிடைக்கிறது. குடமுள்ள கருவியில் மரம் தந்தியின் ஆற்றலை வாங்கிச் செலவிடுகிறது. ஆகவே ஒலி விரைவில் அடங்குகிறது. கெட்டி மரமோ அவ்வளவாக வாங்குவதில்லை. ஆகவே தந்தி நெடுநேரம் அதிர்கிறது. மின்சாரம் அதைச் சுமந்து செல்கிறது. பாடுவது தந்தியே. மரம் தான் பாடாதிருந்து அதனைப் பாட விடுகிறது.

பெயர் இழந்த பலகை

கலிபோர்னியாவில் டவுனி என்னும் ஊரில் பால் பிக்ஸ்பி என்பவர், மெர்ல் டிராவிஸ் என்னும் பாடகருக்காக 1948-இல் கெட்டி உடல் கிதார் ஒன்றைச் செய்தளித்தார். எனினும் இதனைப் பலரும் வாங்கத்தக்க பொருளாக்கியவர் லியோ ஃபென்டர் (1909–1991). ஃபுல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த இவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரிய செய்தி.

பழுதுபார்ப்பவரின் கண் தனிவகையானது. எப்பொருளும் ஒருநாள் கெடும் என்பது அதற்குத் தெரியும். அதுவரை கிதாரின் தண்டியை உடலோடு பசையிட்டு ஒட்டுவதே வழக்கம்; தண்டி கோணினால் கைதேர்ந்த தச்சரைத் தேடவேண்டும். ஃபென்டர் அதனை நான்கு திருகாணிகளால் பிணைத்தார். கழற்றிச் சீர்செய்யலாம், வேறொன்றையும் மாட்டலாம். பேணுதல் என்பது இக்கருவியின் பிறப்பிலேயே எண்ணிப் பார்க்கப்பட்டது எனல் மிகையாகாது.

1950-இல் வெளிவந்த இரு பிக்கப் கொண்ட கருவிக்கு 'பிராட்காஸ்டர்' என்று பெயரிட்டனர். கிரெட்ச் நிறுவனம் அதே ஒலியுடைய பெயரில் முழவு விற்று வந்தமையால் 1951-இன் தொடக்கத்தில் மறுப்புத் தெரிவித்தது. அச்சடித்து வைத்த ஒட்டுச்சீட்டுகளை வீணாக்க மனமின்றி, அப்பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு, எஞ்சிய 'ஃபென்டர்' என்னும் சொல்லை ஒட்டிச் சில திங்கள் விற்றனர். பெயரற்ற அக்கிதார்களைச் சேகரிப்போர் பின்னாளில் 'நோகாஸ்டர்' என்றழைத்தனர். அதன்பின் வந்த பெயரே 'டெலிகாஸ்டர்'.

1954-இல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' வந்தது: மூன்று பிக்கப்; சுருதியை அலையவைக்கும் அசைகுதிரை; பலகையின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று வாசிப்போர் முறையிட்டமையால் செதுக்கி வளைத்த உடல். பில் கார்சன் போன்ற வாசிப்பாளர்களின் குறைகளும் ஃபிரெடி டவாரெஸின் வரைதிறனும் அதில் கலந்துள்ளன. தலையிலோ ஒரே பெயர்.

கிப்சன் 1952-இல் மகோகனி மரத்தின்மேல் மேப்பிள் பலகை போர்த்திய 'லெஸ் பால்' கிதாரை வெளியிட்டது. அதன் வடிவமைப்பில் லெஸ் பாலின் பங்கு எவ்வளவு என்பது பற்றி அவரும், அன்றைய கிப்சன் தலைவர் டெட் மெக்கார்ட்டியும் வெவ்வேறு கணக்கையே சொல்லிச் சென்றனர். 1957 முதல் அதில் இடம்பெற்ற 'ஹம்பக்கர்' பிக்கப் சேத் லவரின் படைப்பு. எதிரெதிராகச் செயற்படும் இரு சுருள்கள் மின்னிரைச்சலை ஒன்றையொன்று அழித்துவிடும். இன்று பெருஞ்செல்வமாகக் கருதப்படும் 1958–1960 காலத்துச் செந்தழல் வண்ணக் கிதார்கள் அன்று போதிய அளவு விலைபோகவில்லை. 1961-இல் வடிவம் மாற்றப்பட்டது. சில ஆண்டுகளில் லெஸ் பாலின் பெயரும் நீங்கி, அக்கருவி 'எஸ்.ஜி.' ஆயிற்று.

வாசித்தோர்

கைவிடப்பட்ட லெஸ் பாலை மீட்டது வாசிப்போரின் விரல். ஜான் மேயல் குழுவின் 1966ஆம் ஆண்டு இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் அதனை முழங்கச் செய்தார், தேடுவோர் பெருகினர், 1968-இல் கிப்சன் மீண்டும் அதனைச் செய்யத் தொடங்கியது. அதே கிளாப்டன் 1970-இல் நாஷ்வில் நகரில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் சிலவற்றை வாங்கி, நண்பர்களுக்கு அளித்ததுபோக எஞ்சிய மூன்றின் நல்ல உறுப்புகளைக் கூட்டி ஒன்றாக்கினார். 'பிளாக்கி' என்னும் அக்கிதார் 2004-இல் 9,59,500 டாலருக்கு ஏலம் போயிற்று. நான்கு திருகாணிகள் இல்லையேல் பிளாக்கி இல்லை.

இடக்கைப் பழக்கமுடைய ஜிமி ஹென்ட்ரிக்ஸ் (1942–1970) வலக்கைக் கிதாரைத் தலைகீழாகத் திருப்பித் தந்தி மாற்றி வாசித்தார். குடத்தை நீக்கி விரட்டிய அந்த ஊளையையே அவர் அழைத்துப் பழக்கி இசையாக்கினார். அயர்லாந்தின் ரோரி கல்லகர் 1963-இல் வாங்கிய பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரை வாழ்நாள் முழுவதும் பிரியவில்லை. அவர் வியர்வை பட்டுப்பட்டு அதன் வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்தே போயிற்று.

இவர்களுக்கு மூத்தவர் ஒரு பெண். சிஸ்டர் ரோசெட்டா தார்ப் (1915–1973) தேவாலயப் பாடல்களை மின்கிதாரில் இசைத்தவர். 1964 மே மாதம், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், பயன்பாடற்ற இரயில் நிலையமொன்றின் நடைமேடையில், மழை ஓய்ந்தும் ஓயாத வேளையில், வெண்ணிறக் கிப்சனைத் தோளில் மாட்டி அவர் வாசித்த காட்சி தொலைக்காட்சிப் பதிவாக இன்றும் உள்ளது. அத்தகையவர் பிலடெல்பியாவில் அடக்கம் செய்யப்பட்டு முப்பதாண்டுகளுக்கு மேல் பெயர்க்கல்கூட இன்றிக் கிடந்தார்.

நமக்கு அணுக்கமான சான்றும் ஒன்றுண்டு. சென்னையில் வாழ்ந்து 2014-இல் மறைந்த யு. ஸ்ரீநிவாஸ் கருநாடக இசைக்குத் தேர்ந்தது ஐந்து தந்தி மின்மாண்டலினையே. சாதாரண மாண்டலினில் ஒலி உடனே அடங்கிவிடும். கமகத்துக்கு வேண்டியது நீடித்த நாதம்.

பேணும் முறை

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளையும் தண்டியின் பின்புறத்தையும் துடைத்தல் வேண்டும். வியர்வை எஃகைத் துருவாக்கும். ஆறு தந்திகளும் சேர்ந்து தண்டியை ஏறத்தாழ 40 முதல் 50 கிலோ விசையுடன் இழுக்கின்றன. ஆதலின் அசைகுதிரையுள்ள கிதாரில் எல்லாத் தந்திகளையும் ஒருசேரக் கழற்றாது, ஒவ்வொன்றாக மாற்றுவதே நன்று. அவ்விழுவிசையைத் தாங்கத் தண்டிக்குள் இரும்புக் கோல் ஒன்று புதைந்துள்ளது. தண்டி வளைந்தால் அதனைக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பொறுத்திருந்து பார்க்கவேண்டும்; மரம் மெல்லத்தான் இசையும்.

சுருதியைச் சோதிக்க 12ஆம் மெட்டில் அழுத்தி ஒலியெழுப்புக. அது திறந்த தந்தியின் மேல்ஸ்தாயியோடு ஒத்திருத்தல் வேண்டும். கூடியிருந்தால் குதிரையில் அத்தந்தியைத் தாங்கும் கட்டையைப் பின்னே நகர்த்துக. குறைந்திருந்தால் முன்னே நகர்த்துக. மெட்டுகளை இரும்புப் பஞ்சால் தேய்ப்பதாயின் பிக்கப்பை மூடிவிடுதல் வேண்டும். காந்தம் இரும்புத் துகள்களை இழுத்துக்கொள்ளும். கடும் வெயிலும் மிகு ஈரமும் மரத்துக்கு ஆகா. பழைய வண்ணப் பூச்சைச் சுரண்டிப் புதிது பூசுவதைப் போன்ற தீங்கு வேறில்லை. அதன் காரணத்தை இனிச் சொல்கிறேன்.

தண்டிக்கு அடியில்

1950களின் ஃபென்டர் கிதாரில் அந்த நான்கு திருகாணிகளைக் கழற்றினால், தண்டியின் அடிப்புறத்தில், உடலோடு பொருந்தி மறையும் இடத்தில், பென்சிலால் எழுதிய தேதியைக் காணலாம். சிலவற்றில் 'டி.ஜி.' என்னும் முதலெழுத்துகளும் இருக்கும். தண்டியைச் செதுக்கிய டாடியோ கோமெஸ் என்னும் தொழிலாளியின் கையொப்பம் அது. 1954-ஐ ஒட்டிய சில கருவிகளின் உட்குழியில் ஒட்டிய காகிதப் பட்டையில் மேரி, குளோரியா எனக் கருவியைப் பூட்டிய பெண்களின் பெயர்கள் உள்ளன. மயிரிழை போன்ற கம்பியை ஏறத்தாழ 8,000 சுற்று கையால் வழிநடத்திப் பிக்கப் செய்தோரும் பெரும்பாலும் பெண்களே. அவர்களுள் அபிகெய்ல் இபார்ரா 1956-இல் பணியில் சேர்ந்து 2013-இல் ஓய்வு பெற்றார். அவர் பெயரைக் கிதார் உலகம் அறிந்து போற்றியது அவருடைய முதுமையில்தான்.

வாசிப்பவர் கண்ணுக்கு ஒருபோதும் படாத இடத்தில் இவர்கள் பெயர் எழுதினர். திறந்து பேணுபவர்க்கு மட்டுமே அது கிட்டும். அறியாதவர் தேய்த்துச் சுரண்டினால் அழிந்தும் போகும். ஓலைச்சுவடியின் இறுதி ஏட்டில் தன் பெயரும் நாளும் எழுதி வைத்த ஏடெழுதியை நாம் அறிவோம். நூலாசிரியனின் பெயர் ஊரெல்லாம் விளங்க, எழுதிக் காத்தவனின் பெயர் கடைசி ஏட்டில் கிடக்கிறது. அவ்வேட்டைப் பூச்சி தின்றுவிட்டால் அவனும் இல்லை.

நம் வட்டத்துக்கு இது பத்தாம் ஆண்டு. இம்மலரின் முகப்பில் கவிஞர்தம் பெயர்கள் பொலிகின்றன, பொலியட்டும். பத்தாண்டுகளாக மாதந்தோறும் அஞ்சலட்டை எழுதியவர், பாய் விரித்தவர், தேநீர் சுமந்து வந்த அம்மையார் ஆகியோர் பெயர்களும் இம்மலரில் ஏதேனும் ஒரு பக்கத்தில் அச்சேறவேண்டும் என்பது மலர்க்குழுவுக்கு என் விண்ணப்பம். கடைசிப் பக்கமாயினும் அமையும். தேடித் திறப்பவர் கண்டுகொள்வர்.