காவிரிக் கடைமடையில் நெல் அறுவடை இயந்திரத் தேர்வு

நெல் அறுவடை இயந்திரம் என்பது கதிரை அறுத்தல், அடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்று வேலைகளையும் வயலில் நகர்ந்தபடியே ஒருசேரச் செய்யும் வேளாண் பொறி ஆகும். இது கூட்டு அறுவடை இயந்திரம் எனவும் அழைக்கப்படுகிறது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களின் பேச்சு வழக்கில், இரப்பர்ப் பட்டையில் ஊர்ந்து செல்லும் வகைக்குச் "செயின் வண்டி" என்றும், சக்கரத்தில் ஓடும் வகைக்கு "டயர் வண்டி" என்றும் பெயர். வெட்டாறு கடலில் கலக்கும் நாகூரையும் அதனைச் சூழ்ந்த கடைமடை ஊர்களையும் முதன்மையாகக் கொண்டு, நடுத்தரப் பண்ணை ஒன்று இவ்வியந்திரத்தையும் அதன் அறுப்புத் தலையையும் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

இயந்திரம் வருவதற்கு முன், ஆட்கள் அரிவாளால் அறுத்து, அரியரியாகப் போட்டு, கட்டாகக் கட்டிக் களத்திற்குச் சுமந்து சென்று அடிப்பர். பின்னர் மாடுகட்டிப் போரடித்து, தாளில் எஞ்சிய நெல்லையும் பிரிப்பர். கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. இந்த அளவு குறித்த பூசல் கீழத்தஞ்சையின் வரலாற்றில் ஆழமான வடுவை விட்டுச் சென்றுள்ளது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டில் தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாய ஊதியச் சட்டம் இயற்றப்பட்டது. எனவே, அறுவடை இயந்திரம் இங்கு வெறும் பொறியாக மட்டும் பார்க்கப்படவில்லை. ஆண்டில் மிகுதியான கூலி கிடைக்கும் நாட்களை அது எடுத்துக்கொண்டது என்பதும், ஆள் கிடைக்காத நாளில் மழைக்கு முன் நெல்லைக் கரை சேர்த்தது என்பதும் ஒருங்கே உண்மையாகும்.

பருவமும் ஈரமும்

குறுவை நெல் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் முற்றுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அப்பொழுதே. சம்பாவும் தாளடியும் சனவரி முதல் மார்ச் வரை அறுவடைக்கு வருகின்றன. (குறுவையின் தாளை மடக்கி உழுது நடுவதால் தாளடி என்ற பெயர் வழங்குகிறது.) சம்பா அறுவடைக் காலம் பொதுவாக வறண்டதாக இருப்பினும், 2021 சனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் பெய்த பருவம் தவறிய மழையால் முற்றிய பயிர் சாய்ந்து நீரில் கிடந்தது.

நாகூர்ப் பகுதியின் வயல்கள் களிப்பாங்கானவை, தாழ்வானவை, வடிகால் குறைந்தவை. ஆகவே இங்கு முதலில் பார்க்கப்பட வேண்டியது இயந்திரத்தின் குதிரைத்திறன் அன்று. அது நிலத்தின் மீது செலுத்தும் அழுத்தமே. செயின் வண்டியின் எடை அகன்ற இரு பட்டைகளில் பரவுவதால் சேற்றிலும் அது நகர்கிறது. டயர் வண்டியோ எடை மிகுந்தது. ஈர வயலில் ஆழமான தடம் பதிக்கும், சில வேளை புதைந்தும் போகும். புதைந்த வண்டியை இழுக்க இன்னொரு வண்டி வேண்டியிருக்கும். அடுத்த நடவுக்கு முன் அந்தத் தடங்களை நிரவுவதும் தனிச் செலவாகும். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னதாக நீரை வடித்துவிட்டால் தேர்வு எளிதாகிறது. வடிக்க வாய்க்கால் இல்லாத வயலுக்குச் செயின் வண்டியைத் தவிர வேறு வழியில்லை.

இயந்திர வகைகள்

டயர் வண்டிகளுள் பல பஞ்சாபில் உருவானவை. நாபாவின் பிரீத், பட்சோனின் கர்த்தார் போன்ற நிறுவனங்களின் பெரிய வண்டிகளில் ஏறத்தாழ 14 அடி அகல அறுப்புத் தலை பொருத்தப்படுகிறது. பஞ்சாபின் அகன்ற கோதுமை வயலுக்கு அது பொருந்தும். வரப்புகளால் சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்த கடைமடை வயலில் அந்த அகலம் பாதிப் பயனையே தருகிறது. திரும்பவே இடம் போதாது.

செயின் வண்டிகளின் தலை சுமார் 2 மீட்டர் அகலம் கொண்டது. செருமனியின் கிளாஸ் நிறுவனம் எசுகார்ட்சு நிறுவனத்துடன் இணைந்து 1990களில் பரீதாபாத்தில் தயாரிக்கத் தொடங்கிய கிராப் டைகர், ஆசிய நெல் வயல்களை மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. சப்பானின் குபோட்டா, யன்மார் நிறுவனங்களின் வண்டிகளும் இவ்வகையில் அறியப்பட்டவை.

அறுப்புத் தலை

அறுப்புத் தலையில் மூன்று உறுப்புகள் முதன்மையானவை. பயிரை உள்ளே சாய்க்கும் சுழல் ரீல், தாளை வெட்டும் கத்திப் பட்டை (கட்டர்பார்), வெட்டியதை நடுவே கூட்டித் தரும் திருகுருளை என்பன அவை. வயலில் சிந்தும் நெல்லில் கணிசமான பங்கு இங்கேயே சிந்துகிறது. ரீல் வண்டியைவிடச் சற்றே வேகமாகச் சுழல வேண்டும். மிக வேகமாகச் சுழன்றால் கதிரை அடித்து உதிர்க்கும். மெதுவாகச் சுழன்றால் பயிர் முன்பக்கம் விழும்.

நிமிர்ந்து நிற்கும் குட்டை இரகங்களுக்குச் சாதாரணத் தலையே போதும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயர்ந்து வளரும் மரபு நெல்லும், மழையில் சாய்ந்த எந்த நெல்லும் வேறு கணக்கு. அதற்குப் பயிர் தூக்கி விரல்கள் பொருத்திய தலை வேண்டும். ரீலைத் தாழ்த்தி முன்னே தள்ள வேண்டும். சாய்ந்த திசைக்கு எதிராகவோ குறுக்காகவோ ஓட்ட வேண்டும். ஒரே திசையில் அறுத்து வெறுமனே திரும்பி வருவதால் நேரம் கூடுகிறது. வாடகை மணிக்கணக்கில் வாங்கப்படுவதால் அந்த நேரம் உழவரின் கணக்கிலேயே சேரும்.

சப்பானில் 1960களில் உருவான "தலையூட்டு" வகை வேறுபட்டது. அது கதிரை மட்டும் அடிகலத்துக்குள் செலுத்தித் தாளை முழுதாக வெளியே விடும். முழுத்தாளையும் விழுங்கும் வண்டிகளில் வைக்கோல் நொறுங்கிவிடுகிறது. மாடு வைத்திருப்போருக்கு இது சிறு குறை அன்று. வைக்கோல் கட்டும் இயந்திரம் பின்னால் வந்து சுருட்டினாலும், போரில் அடுக்கிய பழைய வைக்கோலின் நீளம் கிடைப்பதில்லை.

சொந்தமா, வாடகையா

இந்திய வேளாண் கணக்கெடுப்பில் 4 முதல் 10 எக்டேர் வரையிலான பண்ணை நடுத்தரப் பண்ணை ஆகும். 2 மீட்டர் தலையுடன் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, திருப்பங்களும் தொட்டியிறக்கமும் போக 60 விழுக்காட்டுத் திறனில், மணிக்கு 0.36 எக்டேர், அதாவது ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக அறுக்கும். இதன்படி 10 எக்டேர் பண்ணைக்கே ஒரு போகத்திற்கு 28 மணி நேர வேலைதான் உண்டு. எனவே தனக்கு மட்டும் வண்டி வாங்குவது பொருளற்றது. பிறர் வயலுக்கும் ஓட்டினால் ஒழிய முதல் திரும்பாது.

ஆகவே படுகையில் தேர்வு என்பது பெரும்பாலும் வாடகை வண்டியின் தேர்வே. வேளாண்மைப் பொறியியல் துறை இரு வகை வண்டிகளையும் வாடகைக்கு விடுகிறது. ஆனால் எல்லா வயலும் ஒரே வாரத்தில் முற்றுவதால் அவை போதுவதில்லை. சேலம், பெரம்பலூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தனியார் வண்டிகள் இடைத்தரகர் வழியாக வருகின்றன. மழை மேகம் கண்டவுடன் வாடகை ஏறுவது பலகாலமாக எழும் முறையீடு. மாவட்ட நிருவாகம் உழவர்களையும் உரிமையாளர்களையும் அழைத்து முத்தரப்புக் கூட்டத்தில் வாடகையை வரையறுப்பது இதனால்தான்.

இழப்பை அளத்தல்

வண்டி நன்றாக அறுக்கிறதா என்பதை முதல் சுற்றிலேயே அறியலாம். அறுத்த இடத்தில் ஒரு சதுர மீட்டரில் சிந்திய மணிகளை எண்ண வேண்டும். அறுவடைக்கு முன்பே உதிர்ந்தவற்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் மணி 20 கிராம் எடையுள்ள நெல்லில், 50 மணி சிந்தினால் ஏக்கருக்கு 4 கிலோ; 500 மணி சிந்தினால் 40 கிலோ, அதாவது கொள்முதல் நிலையத்தின் ஒரு மூட்டை. தலைக்கு அடியில் சிந்தினால் ரீலையும் வேகத்தையும், வண்டிக்குப் பின்னால் சிந்தினால் விசிறியையும் சல்லடையையும் சரிசெய்ய வேண்டும்.

மணியில் ஈரம் 20 முதல் 22 விழுக்காடு இருக்கும்போது அறுப்பது நன்று. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் பொது வரம்பு 17 விழுக்காடு. கையறுப்பில் தாளோடு கிடந்து காயும் நெல், இயந்திர அறுப்பில் ஈரத்துடனேயே தொட்டியிலிருந்து கொட்டுகிறது. உலர்த்தக் களம் இல்லாதவர் சாலையில் பரப்புகின்றனர். வண்டியை வரவழைக்கும் முன் களத்தை உறுதி செய்வது அறிவுடைமை.

விதை நெல் பயிரிடுவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முந்தைய வயலின் இரகம் தொட்டியிலும் திருகுருளையிலும் தங்கியிருக்கும். வண்டியை வெறுமனே ஓட்டித் துப்புரவு செய்த பின்னரே இறக்க வேண்டும். முதலில் வரும் நெல்லை விதைக்கு ஒதுக்கக் கூடாது.

உளுந்தும் பயறும்

சம்பா, தாளடி வயல்களில் அறுவடைக்கு ஒரு வாரம் அல்லது பத்து நாள் முன்னதாக, நிற்கும் நெல்லினூடே உளுந்தோ பச்சைப்பயறோ தெளிப்பது படுகையின் பழைய முறை. எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது விளையும். கையறுப்பில் முளைத்த கன்றுகள் பெரிதும் தப்பின. வண்டியின் பட்டையோ டயரோ சென்ற தடத்தில் அவை நசுங்குகின்றன. நொறுங்கிய வைக்கோல் குவிந்த வரிசையில் வெளிச்சமின்றி வெளிறுகின்றன. வண்டி இறங்குவதற்குச் சற்று முன்பாக விதையைத் தெளிப்பதும், அறுவடைக்குப் பின் விதைப்பதும் மாற்று வழிகளாகக் கையாளப்படுகின்றன. பின்னதில் மண்ணின் ஈரம் அதற்குள் குறைந்துவிடக்கூடும். இப்பயிரை நம்பியிருக்கும் பண்ணை, வண்டியோட்டுநரிடம் வயலுக்குள் நுழையும் வழியையும் திரும்பும் இடத்தையும் முன்கூட்டியே காட்டி, தடங்களை இயன்றவரை குறைத்துக்கொள்கிறது.