வால்பாறையின் யானைச் சேதி



"யானை வந்தா செல்போன்ல மெசேஜ் வருமாமே தாத்தா, நெசமா?" என்று பேத்தி கேட்டாள். நெசம்தான் கண்ணு.

வால்பாறையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் மழைக்காட்டை வெட்டி, காப்பியும் தேயிலையும் போட்டார்கள். சுற்றிலும் ஆனைமலைக் காடு, நடுவில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் எஸ்டேட். காடு போனாலும் யானை வழியை மறக்கவில்லை. ஓடையோரம் மிஞ்சிய சோலைகள் வழியாக இன்றும் வந்து போகிறது.

நான் அங்கே வேலை பார்த்த காலத்தில், சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி லைன் வீட்டுக்கு நடப்பவர்களுக்குத்தான் ஆபத்து. வளைவு திரும்பினால் எதிரே யானை. என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா அப்படித்தான் போனார். பத்து நிமிஷம் முன்னால் யாரோ அந்த யானையைப் பார்த்திருக்கிறார்கள். அவரிடம் சொல்லத்தான் வழியில்லை.

அந்த வழியை உண்டாக்கியவர்கள் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமாரும் அவர் குழுவும். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில், யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று எழுத்து ஓடியது. 2011இல் குறுஞ்செய்தி வந்தது. கூடவே உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள். யானையைப் பார்த்தவர் செல்போனில் அழைத்தால் விளக்கு எரியும். ஒரு கிலோமீட்டர் தள்ளியும் தெரியும். விளையாட்டுக்கு எரியவிடுவார்களே என்று நான்கூடச் சந்தேகப்பட்டேன். வாத்தியார் புத்தி!

2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

மலையை விட்டு இறங்கி வந்த பிறகும் வெகுநாள் எனக்கு அந்தக் குறுஞ்செய்திகள் வந்தன. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. எஸ்டேட் பிள்ளைகளே, உங்கள் பக்கம் இப்போது விளக்கு எரிகிறதா? கீழே எழுதுங்கள்.